ஹாமண்ட் ஆர்கன்: பழைய சோப் தொடர்களின் முகப்பிசை வாசிக்க எந்த மாடல் வாங்கலாம்?

அமெரிக்க வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஆரம்பகால சோப் தொடர்களில் (தினசரிக் குடும்பத் தொடர்களில்) கேட்ட அந்த ஆர்கன் ஒலியைத் தேடி ஹாமண்ட் வாங்கப் போகிறவர்களுக்கு, விற்பவர் முதலில் காட்டுவது பி-3 மாடலை. இந்த வேலைக்கு அது தேவையில்லை. பி-3இன் விலையை ஏற்றி வைத்திருப்பவை இரண்டு: அதிலுள்ள பெர்கஷன் வசதி, அதோடு சேர்த்தே பேசப்படும் லெஸ்லி சுழல் ஸ்பீக்கர். ஜாஸுக்கும் காஸ்பலுக்கும் ராக் இசைக்கும் அவை உயிர். சோப் தொடர் முகப்பிசைக்கு இரண்டையும் அணைத்து வைத்துவிட்டுத்தான் வாசிக்க வேண்டும். இங்கே காசு கொடுத்து வாங்க வேண்டியவை வேறு மூன்று: இடது ஓரத்துத் தலைகீழ் நிற ப்ரீசெட் விசைகள் (முன்பே அமைத்த ஒலியை ஒரே அழுத்தலில் தருபவை), வலது காலால் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஸ்வெல் பெடல், நல்ல நிலையில் உள்ள வைப்ரேட்டோ (சுரத்தை நடுங்க வைக்கும் வசதி). இந்த மூன்றும் பி-3க்கு முந்தைய மாடல்களிலேயே இருக்கின்றன.

லாரன்ஸ் ஹாமண்ட் அடிப்படையில் மின்கடிகாரம் செய்தவர். கடிகாரத்துக்காக உருவாக்கிய சிங்க்ரனஸ் மோட்டாரையே ஆர்கனுக்கும் வைத்தார். மோட்டார் ஒரு நீண்ட தண்டைச் சுழற்றுகிறது; பல்சக்கரங்கள் வழியாக 91 சிறு உலோகத் தட்டுகள் வெவ்வேறு வேகத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் மேடு பள்ளங்கள். எதிரே ஒரு காந்தமும் கம்பிச்சுருளும். மேடு கடக்கும்போதெல்லாம் சுருளில் மின்துடிப்பு எழும், அதுவே சுரம். பற்களின் எண்ணிக்கை மாறாது, மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணோடு பூட்டப்பட்டது. ஆகவே இந்த ஆர்கனுக்குச் சுருதி சேர்க்கும் வேலையே கிடையாது. 1935இல் முதல் மாடல் வந்தபோது பைப் ஆர்கனுக்கு இணை என்று விளம்பரம் செய்தார்கள். அமெரிக்க வர்த்தக ஆணையம் அதை எதிர்த்து வழக்கே நடத்தியது. இணையா இல்லையா என்ற சண்டை தேவாலயங்களுக்கு முக்கியமாக இருந்திருக்கலாம். வானொலி நிலையத்துக்குத் தேவைப்பட்டது ஒரு மூலையில் அடங்கி, ஒரே ஆள் வாசித்து, எந்நேரமும் சுருதி மாறாமல் நிற்கும் கருவி.

தினமும் கால் மணி நேரம் நேரலையில் போகும் தொடருக்கு இசைக்குழு வைத்துக் கட்டுப்படியாகாது. ஒரு ஆர்கனிஸ்ட் போதும். முகப்பு, காட்சிக்குக் காட்சி இணைப்பு, அதிர்ச்சிச் செய்திக்கு ஒரு அறைச்சல், முடிவு எல்லாம் அவர் கையில். முகப்புக்கு மெல்லிசான கிளாசிக்கல் துண்டுகளை எடுத்துக்கொண்டார்கள். 'தி கோல்ட்பெர்க்ஸ்' தொடருக்கு டொசெல்லியின் செரனேடு. 'தி ரோடு ஆஃப் லைஃப்' தொடருக்குச் சைகோவ்ஸ்கியின் 6ஆம் சிம்பொனி முதல் பகுதியில் வரும் மெதுவான இரண்டாம் மெட்டு. 'பிக் சிஸ்டர்' தொடருக்கு ரிக்கார்டோ த்ரீகோவின் 'வால்ஸ் ப்ளூயெட்'. அதே த்ரீகோவின் செரனேடு 'வென் எ கேர்ள் மேரீஸ்' தொடருக்கு. 'பெப்பர் யங்ஸ் ஃபேமிலி'க்குக் கோதாரின் 'ஓ மத்தேன்'. 'ஒன் மேன்ஸ் ஃபேமிலி' வானொலியில் முதலில் சிட்னி பேன்ஸின் 'டெஸ்டினி' வால்ஸோடு ஒலித்தது. இவற்றில் கோல்ட்பெர்க்ஸ், ரோடு ஆஃப் லைஃப், ஒன் மேன்ஸ் ஃபேமிலி ஆகியவை தொலைக்காட்சிக்கும் வந்தன. மற்றவை வானொலிக்காரர்கள் விட்டுப்போன சொத்து.

கிளாசிக்கல் பக்கம் சாய்ந்ததற்கு ரசனை ஒரு காரணம் என்றால், உரிமைத்தொகை இன்னொன்று. 1941 ஜனவரி முதல் அக்டோபர் இறுதி வரை, கட்டணத் தகராறில், அஸ்காப் அமைப்பில் (இசையமைப்பாளர்களுக்கு உரிமைத்தொகை வசூலித்துத் தரும் சங்கம்) இருந்த இசையமைப்பாளர்களின் பாடல்களை என்பிசி, சிபிஎஸ் வானொலி வலைகள் ஒலிபரப்பவே இல்லை. உரிமை காலாவதியான பழைய இசைக்கு அந்த மாதங்களில் இருந்த மவுசு தனி. 1956 ஏப்ரல் 2 அன்று 'ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்', 'தி எட்ஜ் ஆஃப் நைட்' இரண்டும் முதல் அரை மணி நேர சோப்களாகத் தொடங்கியபோது நிலைமை மாறியிருந்தது. முகப்பை அந்தத் தொடருக்கென்றே எழுதினார்கள். இசை புதிது, கருவி மட்டும் பழைய ஹாமண்ட்தான்.

இந்தப் பின்னணி எதற்கு என்றால், வாங்கும் மாடலை அதுதான் தீர்மானிக்கிறது. 1930களின் வானொலி ஒலி வேண்டுமா, 1950களின் தொலைக்காட்சி ஒலி வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டும் வேறு. ஆரம்ப மாடல்களில் இருந்தது ட்ரெமுலன்ட்: ஒலியின் அளவு மட்டும் ஏறி இறங்கும், சுருதி அசையாது. ஸ்கேனர் வைப்ரேட்டோ 1940களின் நடுவில்தான் வந்தது. அது சுருதியையே மேலும் கீழும் ஆட்டும். தொலைக்காட்சி சோப் என்றதும் காதில் விழும் அந்த ஈரமான நடுக்கம் ஸ்கேனருடையது. முந்தைய மாடல் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிட்டு, நடுக்கம் வரவில்லையே என்று தேடினால் வராது; அந்தப் பாகமே உள்ளே இருக்காது. மாடல் எண்ணில் 'வி' எழுத்து இருந்தால் (பிவி, சிவி) வைப்ரேட்டோ உண்டு, ஆனால் இரண்டு விசைப்பலகைகளுக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச். பி-2, சி-2 மாடல்களில் மேல் பலகைக்கும் கீழ்ப் பலகைக்கும் தனித்தனியாகப் போட்டுக்கொள்ளலாம். மெட்டு மட்டும் நடுங்க, துணைச்சுரங்கள் அசையாமல் நிற்பது இந்த இசைக்குப் பெரிய வித்தியாசம். அதனால் நம் தேர்வு சி-2. பி, சி இரண்டுக்கும் உள்ளே ஒன்றும் வேறுபாடில்லை. பி நான்கு கால்களில் நிற்கும், சி நாலாபக்கமும் மரத்தால் மூடியிருக்கும்.

பெர்கஷன் ஏன் வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. அது விசையை அழுத்தியதும் 'டிங்' என்று ஒரு முறை ஒலித்து மங்கும். எல்லா விரல்களையும் எடுத்தால்தான் மறுபடி ஒலிக்கும். விரல் விடாமல் இழைத்து வாசிக்க வேண்டிய செரனேடில் சொற்றொடரின் முதல் சுரம் மட்டும் மணியடித்து, மீதி வெறுமனே போகும். போதாக்குறைக்கு, பெர்கஷன் போட்டிருக்கும்போது மேல் பலகையின் 1 அடி டிராபார் (ஒலியின் ஒரு கூறைக் கூட்டிக் குறைக்கும் இழுப்புக் கம்பி; 'அடி' அதன் சுர உயரத்தைக் குறிக்கும் ஆர்கன் அளவு, எண் சிறிதானால் சுரம் உயரும்) வேலை செய்யாது.

இனி ப்ரீசெட். ஒவ்வொரு பலகையின் இடது ஓரத்திலும் நிறம் மாறிய 12 விசைகள் இருக்கும். கடைசி சி விசை எல்லாவற்றையும் ரத்து செய்யும். சி ஷார்ப் முதல் ஏ வரை ஒன்பதும் ஆலையில் அமைத்துத் தந்த ஒலிகள். ஏ ஷார்ப், பி இரண்டும் டிராபார்களுக்கு. பலகைக்கு இரண்டு தொகுதி, தொகுதிக்கு ஒன்பது டிராபார். ஒவ்வொன்றும் 0 முதல் 8 வரை வெளியே வரும். ஒலியமைப்பை 2-4-3 எனப் பிரித்த ஒன்பது இலக்கங்களாக எழுதுவது வழக்கம். ஜாஸ்காரர்கள் டிராபாரை இழுத்துத் தள்ளி விளையாடுவார்கள். சோப் ஆர்கனிஸ்டுக்கு அதற்கு நேரம் கிடையாது. அழுகை முடிந்து அடுத்த நொடியில் கதவு தட்டப்படும். ஒரே அழுத்தலில் ஒலி மாற வேண்டும். அந்த ஒரே அழுத்தல் ப்ரீசெட்டில்தான் உண்டு.

ஆலை அமைப்பில் இந்த வேலைக்கு உதவுபவை சில. மேல் பலகையில் டி ஷார்ப் பிரெஞ்சு ஹார்ன், 00 8740 000. டொசெல்லியின் மெட்டுக்கு வேறெதுவும் தேட வேண்டாம். எஃப் விசை 8 அடி, 4 அடிப் புல்லாங்குழல்கள், 00 5403 000, வால்ஸுக்கு ஏற்றது. ஈ விசை சாலிசியோனல், 00 4544 222. தந்திக்கருவிக்கு ஹாமண்டால் நெருங்க முடிந்தது அவ்வளவுதான். ஏ விசை முழு ஸ்வெல், 32 7645 222, அறைச்சலுக்கு. கீழ்ப் பலகையில் டி விசை, 00 4423 220, துணைச்சுரங்களுக்குப் போதும். சி ஷார்ப் செல்லோ, 00 4545 440, பேச்சுக்கு அடியில் ஓடும் தனி மெட்டுக்கு அழகு. காலால் வாசிக்கும் பாஸ் பெடல்களுக்கான இரண்டு டிராபார்களில் 16 அடிக்கு 4, 8 அடிக்கு 2 வையுங்கள். அதற்கு மேல் போனால் அறிவிப்பாளர் குரல் அடிபடும்.

பழைய ஆர்கனில் இந்த எண்கள் அப்படியே இருக்கும் என்று நம்ப வேண்டாம். பின்பலகையைத் திறந்தால் ப்ரீசெட் பலகை தெரியும். ஒவ்வொரு ஒலிக்கும் ஒன்பது நிறக் கம்பிகள், அவை 1 முதல் 8 வரை எண்ணிட்ட பட்டைகளில் திருகப்பட்டிருக்கும். முன்னாள் உரிமையாளர் தன் விருப்பத்துக்கு மாற்றியிருக்கலாம். மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரால் மீண்டும் மாற்றிக்கொள்ள முடியும். முழுத் தொகுதியையும் திருப்பி அமைக்க ஒரு மாலைப்பொழுது போகும். வாங்கும்போது எண்களை விட முக்கியமாகப் பார்க்க வேண்டியது பூட்டு: ஒரு ப்ரீசெட்டை அழுத்தினால் முந்தையது மேலே வர வேண்டும். இரண்டு ஒன்றாக அமர்ந்தால் ஒலி கலங்கும், எதுவும் பூட்டவில்லை என்றால் பலகை ஊமை.

வாசிக்கும் முறைக்கு வருவோம். இந்த மெட்டுகளின் நோட்டு பெரும்பாலும் பியானோவுக்கோ வயலினும் பியானோவும் சேர்ந்தோ எழுதியது. பியானோ இடக்கையில் உடைந்து உடைந்து ஏறும் சுரங்கள் இருக்கும். அவற்றை அப்படியே ஆர்கனில் அடித்தால் சலசலப்பு. மங்காத ஒலிக்கு உடைத்து வாசிக்கும் அவசியமே இல்லை. மூன்று சுரங்களைக் கீழ்ப் பலகையில் ஒன்றாகப் பிடித்து, அந்தச் சுரங்கள் மாறும் இடத்தில் மட்டும் விரலை நகர்த்துங்கள். பாஸை இடக்கையில் இருந்து எடுத்துக் காலுக்குக் கொடுங்கள். இரண்டிலும் வைத்தால் அடி கனத்துப் போகும். மெட்டில் ஒரே சுரம் அடுத்தடுத்து வந்தால் நடுவில் விரலை எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் ஒட்டி ஒரே நீளச் சுரமாகிவிடும். மற்ற இடங்களில் விரல் மாற்றிப் பிடித்து இழை அறாமல் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒன்பது மின்தொடுப்புகள் இருக்கின்றன. விசை தொடும்போது எழும் சின்ன 'டிக்' சத்தம் அவற்றிலிருந்து வருவது. வால்ஸின் துணைச்சுரங்களை ரொம்பக் குறுக்கி அடித்தால் அந்த டிக் மட்டும்தான் கேட்கும். முதல் தட்டைப் பெடலுக்குக் கொடுத்து, மற்ற இரண்டு தட்டுகளைக் கால்வாசி நேரமாவது பிடித்து விடுங்கள்.

டொசெல்லி இந்தக் கருவிக்கென்றே எழுதியது போல இருக்கும். முதல் எட்டு தாளக்கட்டுகள் போதும், வைப்ரேட்டோ குமிழ் வி-2 நிலையில். சைகோவ்ஸ்கியில்தான் சிரமம். மூலத்தில் அந்த மெட்டு டி மேஜரில், மியூட் போட்ட வயலின்களிலும் செல்லோக்களிலும், மூச்சடக்கியது போல் தொடங்குகிறது. ஹாமண்டில் மியூட்டின் மென்மை கிடையாது. சாலிசியோனல் ப்ரீசெட் கொஞ்சம் மூக்கால் பேசுவது போல் இருக்கும். அதற்குப் பதிலாக டிராபாரில் 30 4544 200 வைத்துப் பாருங்கள்: 16 அடி சேர்வதால் கீழ் ஸ்தாயியில் செல்லோ உடன் ஓடுவது போன்ற நிழல் விழும், மேல் மூன்றில் இரண்டைத் தள்ளுவதால் கூர்மை அடங்கும். வைப்ரேட்டோ குமிழ் சி-3 நிலையில் (இங்கே சி என்பது கோரஸ், பல குரல் சேர்ந்தது போன்ற ஒலி). ஸ்வெல் பெடல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகவே கூடாது. மெட்டு இறங்கி வரும்போது காலும் இறங்கி, மறுபடி எழும்போது கொஞ்சம் திறக்க வேண்டும். இதைத் தாளத்துக்குத் தாளம் செய்கிறவர்கள் உண்டு. அதில்தான் இந்த இசைக்கு 'அழுமூஞ்சி' என்ற கெட்டபெயர் வந்தது. சொற்றொடருக்கு ஒரு ஏற்றம், ஒரு இறக்கம் போதும்.

முகப்பின் மொத்த நீளம் 20 முதல் 30 நொடி. முதல் ஏழெட்டு நொடி முழு ஒலியில். அறிவிப்பாளர் வாய் திறப்பதற்கு ஒரு மூச்சு முன்பே ஸ்வெல் பெடலை இறக்கி, மெட்டை ஒரு ஸ்தாயி கீழே கொண்டுபோய், மெல்லிய ஒலிக்கு மாறுங்கள். மேல் பலகையின் சி ஷார்ப், 00 5320 000, இதற்குச் சரி. பேச்சு ஓடும் அலைவரிசையை விட்டு ஒதுங்குவதுதான் நோக்கம். ஒலியைக் குறைத்தால் மட்டும் போதாது. முடிவிசையில் வேலை தலைகீழ். நேரலையில் நடிகர்கள் வேகமாகப் பேசி முடித்துவிட்டால் மீதி நொடிகளை ஆர்கன்தான் நிரப்ப வேண்டும். எனவே மெட்டில் எங்கெல்லாம் திரும்பிப் போகலாம், எங்கே இரண்டு தாளத்தில் முடித்துக்கொள்ளலாம் என்று நோட்டில் முன்கூட்டியே குறித்து வையுங்கள். டொசெல்லியில் இதற்கு இடம் ஏராளம். சைகோவ்ஸ்கியில் நடுவில் வெட்டினால் அசிங்கமாகத் தெரியும்.

அறைச்சலுக்கு டிமினிஷ்டு செவன்த்: சி, ஈ ஃபிளாட், எஃப் ஷார்ப், ஏ. இடக்கையில் நான்கும், வலக்கையில் ஒரு ஸ்தாயி மேலே அதே நான்கும், காலில் சி. ஸ்வெல்லை முக்காலில் வைத்து அடித்து, உடனே கால்வாசிக்கு இறக்கி, இரண்டு நொடி பிடித்து நிறுத்துங்கள். திறந்துகொண்டே போனால் பேய்ப்படம் ஆகிவிடும்.

வாங்கும் இடத்தில் என்ன பார்க்க வேண்டும்? முதலில் பின்பக்கத் தகடு. அமெரிக்காவுக்குச் செய்தவை 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டில் வெறும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரில் மாட்டினால் எரியாது, ஓடும். ஆனால் மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். முழு ஆர்கனும் ஒரு மைனர் தேர்டு இறங்கிவிடும், வைப்ரேட்டோவும் மந்தமாகும். மூன்று அரைச்சுரம் மேலே மாற்றி வாசித்துச் சமாளிக்கலாம் என்பார்கள். தனியாக வாசித்தால் சரி. கணக்குப்படி இறக்கம் 316 சென்ட், மூன்று அரைச்சுரம் 300 சென்ட். மீதி 16 சென்ட் மற்ற கருவியோடு சேரும்போது காதை உறுத்தும். சரியான வழி 60 ஹெர்ட்ஸில் சுத்தமான சைன் அலை தரும் அதிர்வெண் மாற்றி. அதைவிட நல்லது 50 ஹெர்ட்ஸுக்கென்றே செய்து ஏற்றுமதியான ஆர்கன். அதன் பல்சக்கர விகிதமே வேறு.

தொடங்கும் முறை பலருக்குத் தெரிவதில்லை, விற்பவருக்கும் சில சமயம் தெரியாது. இரண்டு சுவிட்ச் இருக்கும். ஸ்டார்ட் சுவிட்சை எட்டு நொடி பிடியுங்கள். சுழலும் சத்தம் ஏறி நிலைக்கும். அதை விடாமலே ரன் சுவிட்சைப் போட்டு, இன்னும் நாலு நொடி கழித்து ஸ்டார்ட்டை விடுங்கள். ரன் மோட்டாரால் தானாகக் கிளம்ப முடியாது, ஓடிக்கொண்டிருப்பதைப் பிடித்துக்கொள்ள மட்டும் தெரியும். நேரடியாக ரன் போட்டால் உறுமிக்கொண்டு நிற்கும். சரியாகச் செய்தும் வேகம் பிடிக்கவில்லை என்றால் எண்ணெய் கெட்டியாகிவிட்டது என்று பொருள். ஹாமண்டுக்கான பிரத்யேக மெல்லிய எண்ணெயை உள்ளே உள்ள புனல்களில் விட்டு, சில நாள் ஊற விட்டுப் பிறகு மறுபடி முயல வேண்டும். எண்ணெய் பருத்தி இழைகள் வழியாகத்தான் ஒவ்வொரு தாங்கிக்கும் போகிறது, அவசரப்பட்டால் நடக்காது. வீட்டில் கிடக்கும் தையல்மிஷின் எண்ணெயோ துரு நீக்கும் ஸ்ப்ரேயோ அதில் படக் கூடாது. இழைகள் பிசினாகி அடைத்துக்கொள்ளும். நல்ல நிலையில் உள்ள ஆர்கனுக்கு ஆண்டுக்கு ஒரு முறை எண்ணெய் விட்டால் போதும்.

அடுத்து எல்லா டிராபாரையும் உள்ளே தள்ளி, 8 அடியை மட்டும் முழுதாக இழுத்து, 61 விசைகளையும் ஒன்றொன்றாக அழுத்துங்கள். பிறகு அடுத்த டிராபார். ஒரு விசையில், ஒரு டிராபாரில் மட்டும் ஒலி இல்லையென்றால் தொடுப்பில் தூசி. விசையை வேகமாகப் பலமுறை தட்டினாலே பெரும்பாலும் சரியாகும், ஆகாவிட்டால் பஸ்பாரை (விசைத் தொடுப்புகள் தொடும் நீளக் கம்பியை) நகர்த்தும் திருகைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். அதே சுரம் வெவ்வேறு விசைகளிலும் டிராபார்களிலும் காணாமல் போனால் கோளாறு ஜெனரேட்டரில்: தட்டு சிக்கியிருக்கலாம், கம்பிச்சுருள் அறுந்திருக்கலாம். அது செலவு வைக்கும். வைப்ரேட்டோவை ஆறு நிலைகளிலும் போட்டுக் கேளுங்கள். அலை வழுக்கிக்கொண்டு போகாமல் ஒவ்வொரு சுற்றிலும் இடறினால் ஸ்கேனரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். அடியில் இரைச்சல் ஓயாமல் இருந்தால் ப்ரீஆம்ப்பின் ஃபில்டர் கபாசிட்டர்கள் போயிருக்கும். உள்ளே 300 வோல்ட்டை ஒட்டிய நேர்மின்சாரம் உண்டு. அணைத்த பிறகும் சிறிது நேரம் தங்கும். வால்வு வேலை பழகாதவர் கை வைக்க வேண்டாம்.

ஒலி மந்தமாக இருக்கிறது என்று சிலர் ஜெனரேட்டரின் பழைய மெழுகுக்காகித கபாசிட்டர்களை எல்லாம் மாற்றச் சொல்வார்கள். 1960களின் நடுவுக்கு முந்தைய ஆர்கன்களில் அவை வயதாகி அளவு மாறியிருப்பது உண்மை. மாற்றினால் மேல் சுரங்கள் பளிச்சென்று வரும், கூடவே டிக் சத்தமும் கூடும். ராக் வாசிப்பவருக்கு லாபம். சோப் இசைக்கு அந்த மங்கலே பொருத்தம். வானொலிப் பெட்டியிலும் சின்னத் தொலைக்காட்சி ஸ்பீக்கரிலும் அன்று கேட்டதும் அப்படித்தான். சுரத்துக்குச் சுரம் அளவு ஏறி இறங்கினால் மட்டும் மாற்றுங்கள். 1960களின் பிற்பாதியில் செய்தவற்றில் வேறொரு தலைவலி: விசைப்பலகைக்குள் வைத்த ஃபோம் காலப்போக்கில் பிசுபிசுத்துக் கம்பிகளை அரித்துவிடும். அதைச் சரி செய்யப் பலகையை முழுதாகப் பிரிக்க வேண்டும். அந்த வயதுள்ள ஆர்கனைப் பார்க்கும்போது ஒன்றிரண்டு ஊமைச் சுரங்களைச் சின்னக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள்.

தனி ஸ்பீக்கர் பெட்டி வைக்க இடமில்லாதவர்களுக்கு ஏ-100. பி-3இன் உள்ளடக்கத்தை ஆம்ப், ஸ்பீக்கர், ஸ்ப்ரிங் ரிவெர்ப்போடு ஒரே பெட்டிக்குள் வைத்தது. பெர்கஷன் இருக்கும், தொடாமல் விட்டுவிடலாம். ரிவெர்ப்பை மட்டும் குறைத்து வையுங்கள். வறண்ட ஸ்டுடியோவில் ஒலித்த இசை இது, தேவாலயம் போல் எதிரொலித்தால் மெட்டு கரைந்துவிடும். எம்-3 போன்ற ஸ்பினெட்டுகள் சிறியவை, மலிவானவை, ஒலியும் அசல். ஆனால் பலகைக்கு 44 விசைகள்தான், 12 பெடல்கள்தான், ப்ரீசெட் விசைகள் அறவே இல்லை. ஒரே ஒலியில் முகப்பை மட்டும் வாசித்து நிறுத்துவதானால் எடுத்துக்கொள்ளலாம். நடுவில் ஒலி மாற்ற வேண்டிய வேலைக்கு அது தோற்றுவிடும்.

இரும்பைச் சுமக்க விருப்பமில்லாதவர்களுக்கு மென்பொருள் இருக்கிறது. ஐகே மல்டிமீடியாவின் பி-3எக்ஸ் ஹாமண்டின் ஒப்புதலோடு வந்தது. செட்பிஃப்ரீ இலவசம், மூலநிரலும் திறந்தது. இந்தத் தேவைக்கு அதுவே போதும். எதை எடுத்தாலும் முதலில் செய்ய வேண்டியது அணைக்கும் வேலை: லெஸ்லி, ஓவர்டிரைவ், பெர்கஷன் மூன்றும் மூடப்பட வேண்டும், விசையழுத்த உணர்வு அறவே இருக்கக் கூடாது. பஃபர் அளவை 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிளுக்கு வைத்தால் தாமதம் உறைக்காது. சஸ்டெய்ன் பெடலை ஸ்வெல்லாகப் பயன்படுத்த முடியாது. தொடர்ந்து நகரும் எக்ஸ்பிரஷன் பெடல் தேவை. சில பிராண்டுகளில் இணைப்பு எதிர்மாறாக இருப்பதால் அழுத்தினால் ஒலி குறையும். பெடலிலோ கீபோர்டிலோ துருவமாற்று சுவிட்ச் இருக்கிறதா என்று வாங்கும் முன் பாருங்கள். ஹாமண்டின் ஸ்வெல் முழுதாக மூடினாலும் ஒலி அறவே நிற்காது, ஆகவே எக்ஸ்பிரஷனின் கீழ் எல்லையை 0 முதல் 127 வரையுள்ள அளவில் 15க்கும் 20க்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள்.

டொசெல்லி, த்ரீகோ, கோதார், சைகோவ்ஸ்கி, பேன்ஸ் ஐவரும் இறந்து 70 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதால் மூல நோட்டுக்குப் பொதுவாக உரிமைச் சிக்கல் இல்லை. பின்னாளில் ஒருவர் ஆர்கனுக்கென்று அமைத்த வடிவத்துக்கு உரிமை தனியாக இருக்கலாம். பதிவேற்றப் போகிறவர்கள் பியானோ மூலத்திலிருந்து தாங்களே அமைத்துக்கொள்வது நல்லது.

சி-2 போன்ற கன்சோல், பெஞ்சும் பெடல்பலகையும் சேர்த்து 180 கிலோவைத் தாண்டும். பெஞ்சையும் பெடலையும் முதலில் கழற்றித் தனியே ஏற்றுங்கள். ஜெனரேட்டர் உள்ளே ஸ்ப்ரிங்குகளில் தொங்குகிறது. வண்டியில் ஏற்றும் முன் அதைப் பிடித்து நிறுத்தும் பூட்டுத் திருகுகளை இறுக்க வேண்டும். வீட்டில் இறக்கியதும் முதல் வேலையாக அவற்றைத் தளர்த்துங்கள். மறந்துவிட்டால் மோட்டாரின் அதிர்வு மரப்பெட்டி முழுக்கப் பரவும். அந்த முனகலை ஆம்ப் கோளாறு என்று நினைத்துத் தேவையில்லாத பாகங்களுக்குச் செலவழிக்க நேரும்.